முட்டு வருத்தக்காரர் நடக்க ஓர் இடம் வேண்டும்

2025 மே 6 ஆம் திகதி உள்ளூராட்சி சபைத் தேர்தல் நடந்தது. உலக ஆஸ்துமா தினமும் அன்றுதான். மே மாதத்தின் முதல் செவ்வாய்க்கிழமை அந்தத் தினத்துக்கு உரியது என்பதால் இரண்டும் தற்செயலாக ஒன்றாக வந்தன. அன்று நான் வாக்களிப்பு நிலையத்துக்கு நடந்தே போனேன். சில வருடங்களுக்கு முன் என்றால் ஓட்டோ பிடித்திருப்பேன்.

எனக்குச் சிறுவயது முதலே முட்டு. "ஓடாத, புழுதிக்குள்ள நிக்காத" என்று சொல்லிச் சொல்லியே அம்மா வளர்த்தார். பாடசாலையில் இல்ல மெய்வல்லுநர் போட்டிகளை மர நிழலில் இருந்து பார்த்தவன் நான். நாற்பது வயதில் மாடிப்படி ஏறவே மூச்சு வாங்கியது. வருத்தம் முற்றிவிட்டது என்று பயந்து கிளினிக்குக்குப் போனேன். பரிசோதித்த வைத்தியர் சொன்னார்: "உங்கட நுரையீரல் பரவாயில்லை. உடம்புதான் பழக்கம் விட்டுப் போச்சு."

எம்மில் பலருக்கு நடப்பது இதுதான். இளைக்கும் என்று பயந்து உடலை அசைக்காமல் விடுகிறோம். தசையும் இதயமும் பலம் குறைகின்றன. பிறகு சிறு வேலைக்கும் இளைக்கிறது. அதையும் முட்டு என்றே எண்ணி இன்னும் ஒதுங்குகிறோம்.

2013 இல் வெளியான கொக்ரேன் மீளாய்வு, எட்டு வயதுக்கு மேற்பட்ட 772 ஆஸ்துமா நோயாளர் பங்கேற்ற 21 ஆய்வுகளைத் தொகுத்தது. உடற்பயிற்சியை அவர்களால் தாங்க முடிந்தது, இதயத்தினதும் உடலினதும் திறன் கூடியது என்பதே அதன் முடிவு. நுரையீரலின் அளவீடுகளில் மாற்றம் தெரியவில்லை. ஆகவே நடை, இன்ஹேலருக்கு மாற்றீடு அல்ல. இரண்டும் சேர்ந்தே வைத்தியம். 2003 இல் இலண்டன் மரதனில் உலக சாதனை படைத்த போலா ராட்கிளிஃபும் ஆஸ்துமாவுடன் ஓடியவரே.

பயத்திலும் நியாயம் உண்டு. வேகமாக மூச்சு விடும்போது சுவாசக் குழாய்கள் உலர்ந்து சுருங்கலாம். பயிற்சியை நிறுத்திய சில நிமிடங்களில் இளைப்பு வருவது இதனால்தான். அதனால் தடுப்பு இன்ஹேலரை ஒழுங்காக எடுத்து, வருத்தத்தைக் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்த பிறகே தொடங்க வேண்டும். முதல் பத்து நிமிடம் மெதுவான நடை. பேசக்கூடிய, ஆனால் பாட முடியாத வேகம் போதும். முடிக்கும்போதும் படிப்படியாகக் குறைக்க வேண்டும். நீல இன்ஹேலர் சட்டைப் பையில் இருக்க வேண்டும். நெஞ்சு இறுகினால் நிறுத்தி அதை எடுக்க வேண்டும். குறையாவிட்டால் உடனே வைத்தியசாலை. சளி, காய்ச்சல் நாட்களில் ஓய்வு.

வளர்ந்தோருக்கு வாரம் 150 நிமிடமாவது மிதமான உடற்பயிற்சி வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். நாளுக்கு அரை மணித்தியாலம், வாரத்தில் ஐந்து நாள். ஆனால் எங்கே நடப்பது?

என் வீதியில் நடைபாதை இல்லை. மாலையானால் வேலியோரம் குப்பை எரியும். நீரிழிவுக்காரர் அந்தப் புகையைச் சகித்து நடப்பார். முட்டு வருத்தக்காரர் வீடு திரும்புவார். தெருவிளக்கு இல்லாத ஒழுங்கையில் விடியப்புறம் தனியே நடக்கப் பெண்கள் தயங்குகிறார்கள். வடகீழ்ப் பருவக்காற்று வீசும் மாதங்களில் எல்லை கடந்தும் மாசு வருகிறது. 2022 டிசம்பர் 9 ஆம் திகதி காற்று மாசினால் நாட்டின் பாடசாலைகளே மூடப்பட்டன.

எல்லை கடந்து வரும் காற்றைப் பிரதேச சபையால் தடுக்க முடியாது. குப்பை சேகரிப்பதும், விளக்குப் போடுவதும், விளையாட்டு மைதானத்தைக் காலையிலும் மாலையிலும் திறந்து வைப்பதும் அதன் கைக்குள் உள்ளவை. கிளினிக்குகளுக்கும் ஒரு கேள்வி போதும்: "இன்ஹேலர் எடுக்கிறீர்களா?" என்பதோடு, "கிழமைக்கு எத்தனை நாள் நடக்கிறீர்கள்?" என்றும் கேட்க வேண்டும்.

என்னிடம் அந்தக் கேள்வியை ஒருவர் கேட்பதற்கு நாற்பது வருடங்கள் எடுத்தன. வாக்குக் கேட்டு எங்கள் ஒழுங்கைக்கு நடந்து வந்தவர்கள் இப்போது சபையில் இருக்கிறார்கள். அதே ஒழுங்கையில் நாங்களும் மூச்சுவிட்டு நடக்க வழி செய்யட்டும்.