குழாய்கள் குறுக்கிட்டால் எது மேலே?

கம்ப்யூட்டர் வாங்கிய புதிதில் ஆட்டோகேட் பழகிக்கொண்டேன். நான் வரைந்த முதல் உருப்படியான வரைபடம் அக்கா வீட்டு பிளம்பிங் பிளான். குடிநீர்க் குழாய்க்கு நீலம், கழிவுநீர்க் குழாய்க்குப் பழுப்பு நிறம் கொடுத்தேன். மானிட்டரில் பளிச்சென்று இருந்தது. கறுப்பு வெள்ளை பிரின்டரில் எடுத்தபோது இரண்டுமே கறுப்புக் கோடுகள்தான். நான் கவனிக்கவில்லை.

மறுநாள் பிளம்பர் போன் செய்தார். "சார், சம்ப் பக்கத்துல ரெண்டு லைனும் கூட்டல் குறி மாதிரி வெட்டுது. அங்க ஜாயின்ட் போடணுமா, இல்ல ஒண்ணுக்கு மேல ஒண்ணு போகுதா?" நல்ல மனிதர், கேட்டார். குடிநீர்க் குழாய் எப்போதும் கழிவுநீர்க் குழாய்க்கு மேலே, போதிய இடைவெளி விட்டுப் போக வேண்டும். கீழே போய் ஒரு இடத்தில் கசிந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

எந்தக் குழாய் கீழே போகிறதோ, அதன் கோட்டில் சிறு இடைவெளி விட வேண்டும். மேலே போவது முழுதாக ஓட வேண்டும். வரைபடக்காரர்களின் பழைய வழக்கம் இது. பலர் பிரேக் கட்டளையால் கோட்டையே வெட்டிவிடுகிறார்கள். நானும் அப்படித்தான் செய்தேன். பிறகு அக்கா பாத்ரூமை இரண்டடி தள்ளச் சொன்னார். குழாயை நகர்த்தினேன், இடைவெளி பழைய இடத்திலேயே நின்றது! ஒரு குழாய் இரண்டு துண்டாகிவிட்டதால் நீளக் கணக்கும் குழம்பியது. கோட்டை வெட்டாதீர்கள் என்பதுதான் என் கட்சி.

அதற்குப் பதில் வைப்அவுட் கட்டளையைப் பயன்படுத்துங்கள். குறுக்கிடும் இடத்தில் சிறு கட்டம் போட்டால் அடியில் உள்ளதை அது மறைக்கும். பின் டிராஆர்டர் கட்டளையில் மேல்குழாயை முன்னால் கொண்டு வாருங்கள். கீழ்க்குழாய் வெட்டுப்படாமல் அப்படியே இருக்கும். வைப்அவுட்ஃபிரேம் மதிப்பை 2 என வைத்தால் கட்டத்தின் விளிம்பு திரையில் தெரியும், பிரின்ட்டில் வராது. ஒரு குறை: குழாயை நகர்த்தினால் இந்தக் கட்டத்தையும் நாமேதான் நகர்த்த வேண்டும்.

ரெவிட்டில் அந்தத் தொல்லையும் இல்லை. ஒவ்வொரு குழாய்க்கும் உயரம் கொடுப்பதால் எது மேலே என்று அதற்கே தெரியும். மேனேஜ் டேபில் எம்.இ.பி. செட்டிங்ஸ், அதில் மெக்கானிக்கல் செட்டிங்ஸ், அதில் ஹிடன் லைன் பகுதிக்குச் சென்று 'டிரா எம்.இ.பி. ஹிடன் லைன்ஸ்' பெட்டியில் டிக் செய்யுங்கள். இடைவெளியின் அளவையும் அங்கேயே தரலாம். ஒற்றைக் கோட்டுக் குழாய்களுக்கு 'சிங்கிள் லைன்' என்று தனி அளவு உண்டு. வியூவின் விஷுவல் ஸ்டைல் 'ஹிடன் லைன்' ஆக இருக்கட்டும். இதை மறந்துவிட்டு அரை நாள் தேடியிருக்கிறேன்.

ஆனால் ஒரு வீட்டு பிளானுக்காக ரெவிட் வாங்குவது கொசுவை அடிக்கப் பீரங்கி. சந்தா வேறு கட்ட வேண்டும். உயரத்தைத் தப்பாக டைப் செய்தால் அது தப்பான குழாயில்தான் இடைவெளி விடும்.

அதனால் குறுக்கிடும் ஒவ்வொரு இடத்திலும் இரண்டு குழாய்களின் மட்டத்தையும் பக்கத்திலேயே எழுதிவிடுகிறேன். பிரின்ட் கறுப்பு வெள்ளையில் வந்தாலும், ஜெராக்ஸில் மங்கினாலும், எண்ணைப் படிக்கலாம். அதே பிளம்பர் இப்போதும் போன் செய்கிறார், பில் பணம் எப்போது என்று கேட்க.