இறைச்சி அரைக்க மெஷின் தேவையில்லை, வீட்டுக் கத்தி போதும்



ஹஜ்ஜுப் பெருநாள் நெருங்குகிறது. பெருநாளன்றும் அதைத் தொடரும் மூன்று நாட்களும் ஊரில் அநேகமாக எல்லா வீட்டுக்கும் ஒரு பங்கு மாட்டிறைச்சி போய்ச் சேரும், இன்ஷா அல்லாஹ். வீட்டுக்குப் போய்ச் சேர்ந்த இறைச்சி அந்த வீட்டில் உள்ள எல்லார் வயிற்றுக்கும் போய்ச் சேருகிறதா என்பதைப் பற்றித்தான் இந்தப் பதிவு.

நம்மட வீடுகளில் இறைச்சி என்றால் துண்டு போட்டு ஆக்கும் கறிதான். பல்லுள்ளவர்களுக்கு அது விருந்து. பல்லில்லாத மூத்தம்மாவும் மூத்தவாப்பாவும் ஆணத்தை மட்டும் சோற்றில் ஊற்றிப் பிசைந்து சாப்பிட்டுவிட்டு "எனக்குப் போதும் மகன்" என்று எழும்பி விடுவார்கள். ஒன்றரை, இரண்டு வயதுப் பிள்ளை துண்டைச் சப்பி விட்டுத் துப்பும். உடம்புக்கு இறைச்சி அதிகம் தேவைப்படுகிற இந்த இரண்டு கூட்டத்துக்கும்தான் அது குறைவாகக் கிடைக்கிறது.

100 கிராம் மாட்டிறைச்சியில் ஏறத்தாழ 20 கிராம் புரதமும் 2 மில்லிகிராமுக்கு மேல் இரும்புச்சத்தும் இருக்கின்றன. கீரையில் உள்ள இரும்பை விட இறைச்சியில் உள்ள இரும்பை உடம்பு இலகுவாக எடுத்துக்கொள்ளும். வகுப்பில் சோர்ந்து தூங்கும் பிள்ளைகளைப் பார்க்கும் நமக்கு இது சின்ன விஷயம் இல்லை. (சாப்பிட்ட கையோடு பிளேன்டீ கொடுக்கும் பழக்கத்தையும் கொஞ்சம் தள்ளி வையுங்கள். தேயிலை இரும்புச்சத்து உடம்பில் சேர்வதைக் குறைக்கும்.)

"அப்படியென்றால் அரைத்துக் கொடுக்கலாம், எங்கட வீட்டில் மெஷின் இல்லையே" என்பதுதான் அடுத்துக் கேட்கும் பேச்சு. நமது கருத்து, மெஷின் வாங்கவே தேவையில்லை. கடையில் அரைத்து வாங்குவதை விட வீட்டில் கொத்துவது நல்லது என்றும் சொல்வோம்.

காரணம் இதுதான். முழு இறைச்சித் துண்டில் கிருமி பெரும்பாலும் வெளிப்பக்கத்தில்தான் இருக்கும். சட்டியில் பட்டதும் அது செத்துவிடும். அரைக்கும்போது வெளிப்பக்கம் உள்ளே போய்விடுகிறது. ஒரே மெஷினில் பல மாடுகளின் இறைச்சி அரைபட்டால் ஒன்றில் இருப்பது மற்றதிலும் கலக்கும். 1993 இல் அமெரிக்காவில் சரியாக வேகாத அரைத்த மாட்டிறைச்சியால் 700 பேருக்கு மேல் நோயில் விழுந்தார்கள், 4 பிள்ளைகள் மௌத்தானார்கள். பெரிய நாட்டில், பெரிய கடையில் நடந்தது அது. மெஷினைச் சுத்தமாக வைத்திருக்கும் இறைச்சிக்கடை நானாமார் நம்மிடமும் இருக்கிறார்கள், அல்ஹம்துலில்லாஹ். ஆனால் பெருநாள் நெருக்கடியில், வெயிலில், வரிசையில் ஆள் நிற்கும்போது ஒவ்வொருவருக்கும் மெஷினைக் கழற்றிக் கழுவ யாராலும் முடியாது. துண்டாக வாங்கி வந்தால் எந்தப் பாகம், எவ்வளவு கொழுப்பு என்பது நம் கண்ணுக்குத் தெரியும். கடைக்காரருக்கும் வியாபாரம் குறையாது.

சரி, எப்படிக் கொத்துவது?

எலும்பில்லாத தோள்பட்டை இறைச்சி நல்லது. கொஞ்சம் கொழுப்பு இருக்க வேண்டும், இல்லாவிட்டால் வெந்த பிறகு சக்கை மாதிரி இருக்கும். கழுவுவதென்றால் முழுத் துண்டாகவே கழுவி நீரை நன்றாக வடியவிடுங்கள். கொத்திய பிறகு கழுவினால் சத்தும் சாறும் தண்ணீரோடு போய்விடும். வெள்ளைச் சவ்வையும் நரம்பையும் எடுத்துவிட்டு, இரண்டு விரல் அகலத்துக்குத் துண்டு போட்டு, ப்ரீசரில் 20 முதல் 30 நிமிடம் வையுங்கள். கல்லாக வேண்டியதில்லை, ஓரம் விறைத்தால் போதும். அறுத்த உடனே வரும் இறைச்சி சூடாகவும் வழுக்கலாகவும் இருக்கும், கத்தி பிடிக்காது. குளிர்ந்த கொழுப்புத்தான் வெட்டுப்படும், சூடான கொழுப்பு கத்தியில் அப்பும்.

பிறகு அசையாத பலகையில் கூரான பாரமான கத்தியால் மெல்லிய கீற்றாகச் சீவி, அதைக் குறுக்கே வெட்டி, எல்லாவற்றையும் குவித்துக் கொத்துங்கள். இடையிடையே மடித்துப் போட்டுத் திருப்பிக் கொத்த வேண்டும். இரண்டு கையிலும் கத்தி பிடிக்கத் தெரிந்தால் வேலை பாதியாகும். அரைக் கிலோவுக்கு 15, 20 நிமிடம் போகும். உப்பைக் கடைசியில் சேருங்கள், முன்பே சேர்த்தால் பசை மாதிரி ஒட்டும்.

கிரைண்டர் இருக்கிறவர்கள் ஒரு தடவைக்கு ஒரு கைப்பிடி மட்டும் போட்டு, விட்டு விட்டு எட்டுப் பத்துத் தடவை சுற்றினால் சரி. தொடர்ந்து ஓட விட்டால் களி ஆகிவிடும். கட்லட், ரோல்ஸ், சமோசாவுக்கு என்றால் பச்சையாக அரைக்கவே தேவையில்லை. உப்பு, மிளகு, இஞ்சி போட்டு அவித்து உரலில் இடித்தால் பூப்போல உதிரும். நோன்புக் கஞ்சிக்கும் இது போதும்.

கொத்திய இறைச்சியை வெளியில் வைக்காதீர்கள். நம்மட வெயிலில் ஒரு மணித்தியாலமே அதிகம். ப்ரிஜ்ஜில் ஒரு நாள், மிஞ்சினால் இரண்டு நாள். ப்ரிஜ் இல்லாத வீட்டில் குளிர வைக்காமலே பொறுமையாகக் கொத்தி, உடனே அடுப்பில் ஏற்ற வேண்டும். நடுவில் சிவப்பு இல்லாமல் நன்றாக வேக வேண்டும், அளந்து பார்ப்பவர்களுக்கு 71 பாகை செல்சியஸ். பலகையையும் கத்தியையும் சவர்க்காரம் போட்டுச் சுடுதண்ணீரில் கழுவிய பிறகே சலாதுக்கு எடுங்கள்.

இந்த வேலையையும் பெண்கள் தலையில் போடுவதா என்று சகோதரிகள் கேட்பார்கள், நியாயம்தான். மாட்டை அறுப்பதும், உரிப்பதும், பங்கு போடுவதும் ஆண்கள் செய்வதுதானே. அரைக் கிலோ இறைச்சியைக் கொத்துவது மட்டும் எப்படிப் பொம்பிளை வேலையாகும்? வீட்டில் உள்ள வாப்பாவும் சாதாரண தரம் படிக்கிற மகனும் கத்தியை எடுக்கட்டும். உம்மாவுக்கும் பெருநாள்தானே.

இன்னொன்று. ஒரு வருடம் மதீனாவுக்கு ஏழைகள் வந்து சேர்ந்தபோது, குர்பான் இறைச்சியை மூன்று நாளுக்கு மேல் வைக்க வேண்டாம் என்று நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். அடுத்த வருடம் உண்ணவும் கொடுக்கவும் சேமிக்கவும் அனுமதித்தார்கள். ஆகவே ப்ரீசரில் வைப்பது குற்றமில்லை. ஆனால் அந்தத் தடை யாருக்காக வந்தது என்பதை மறக்கக் கூடாது. 2022 இல் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் போனபோது, ப்ரீசரை நிரப்புவதில் எவ்வளவு நம்பிக்கை வைக்கலாம் என்பதையும் பார்த்தோம்.

எனவே பங்கு போடும் பள்ளிவாசல் நிருவாகத்தினருக்கும் இளைஞர்களுக்கும் நமது வேண்டுகோள் இது. தனியாக இருக்கும் வயோதிபர்கள், நோயாளிகள், ப்ரிஜ் இல்லாத வீடுகள் ஆகியோரின் பெயரை இப்போதே எழுதி எடுங்கள். அவர்களின் பங்கில் எலும்பையும் கொழுப்பையும் குறைத்து மிருதுவான இறைச்சியை வையுங்கள். நான்கு பொடியன்மார், நான்கு பலகை, நான்கு கத்தி இருந்தால் ஒரு காலையில் அந்த வீடுகளுக்கெல்லாம் கொத்தியே கொடுக்கலாம். அன்றே சமைக்கச் சொல்லிக் கொடுங்கள்.

கத்தி எல்லா வீட்டிலும் இருக்கிறது. கொத்துவதற்கு ஆளையும் இப்போதே பிடித்து வைப்போம்.