குப்பை அள்ளும் ஆளுக்கு முதலாளி யார்? கேள்விக்கு பதில் இல்லேன்னா தெரு சுத்தமாகாது

சேலம்:
சேலம் மாநகராட்சியின் 4 மண்டலங்களில் ஒன்று அம்மாபேட்டை. இங்கே குப்பை எடுக்க ஆள் வரலைன்னா மக்கள் திட்டுவது தூய்மைப் பணியாளரைத்தான். அவருக்கு சம்பளம் தருவது யார் என்று யாரும் கேட்பதில்லை.

சென்னை தவிர மற்ற மாநகராட்சிகளில் துப்புரவு போன்ற வேலைகளை காண்டிராக்ட் விட வழிசெய்து 2022-ல் அரசாணை 152 வந்தது. சம்பள பாக்கி என்றால் அதிகாரி காண்டிராக்டரை கைகாட்டலாம், காண்டிராக்டர் பில் வரலை என்று சொல்லலாம். நடுவில் மாட்டுவது தொழிலாளி.

சென்னையில் ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களை தனியாருக்கு விட்டதை எதிர்த்து 2025 ஆகஸ்டில் தொழிலாளர்கள் ரிப்பன் மாளிகை முன்பு 13 நாள் போராடினர். அங்கே குப்பை தேங்கியது.

மெமோ கொடுத்து மிரட்டினால் ஆள் வருவார், வேலை நடக்காது. தேதிக்கு சம்பளம், குறை கேட்க ஒரு அதிகாரி. இந்த ரெண்டும் இருந்தால் அம்மாபேட்டை தெரு தானா சுத்தமாகும்.