ஒத்துமை கிடக்கட்டும், கணக்கைக் காட்டுங்க!

மறுபடியும் அந்த ஃபார்வர்டு வந்துடுச்சு மக்களே. யூதர்களைப் பாருங்க, என்ன கஷ்டம் வந்தாலும் அவங்க சங்கங்கள் அசையாது, காரணம் ஒத்துமைன்னு. நண்பர் ஒருத்தர் அதை அப்படியே பதிவாவே போட்டுட்டார். கீழ வரிசையா 'அருமை', 'ரிப்பீட்டேய்'. நானும் பின்னூட்டம்தான் எழுத ஆரம்பிச்சேன். அது பதிவை விட நீளமாப் போனதால தனிப்பதிவு. நண்பர் கோவிச்சுக்கக் கூடாது :-)

நான் சொல்ல வர்றது ஒண்ணுதான். காசு முடை வர்ற காலத்துல ஒரு சமூகத்தோட அமைப்புகளைக் காப்பாத்துறது ஒத்துமை இல்லை, கணக்கு. இதுக்கு யூத அமைப்புகளே சாட்சி. "நம்மாளு"ன்னு நம்பின இடத்துல கவுந்தாங்க. தங்களோட பழைய விதிகளை நம்பின இடத்துல எழுந்து நின்னாங்க.

2008-க்குப் போவோம். செப்டம்பர்ல லேமன் பிரதர்ஸ் திவால். பங்குச்சந்தை படுத்துடுச்சு. நன்கொடை குறையுது, உதவி கேட்டு வர்றவங்க கூட்டம் ஏறுது. எந்த தர்ம அமைப்புக்கும் இதுதான் சாபக்கேடு, வரவு குறையற அதே நாள்லதான் செலவு கூடும். இது போதாதுன்னு டிசம்பர் 11-ஆம் தேதி பெர்னார்ட் மேடாஃப் கைது. பல வருஷமா புதுசா வந்த பணத்தை எடுத்துப் பழைய ஆளுக்கு "லாபம்"னு குடுத்துட்டு இருந்த ஆசாமி. 2009-ல 150 வருஷம் சிறைத்தண்டனை, 2021-ல ஜெயில்லயே செத்தார்.

அவர்கிட்ட பணம் போட்டிருந்த யூத அமைப்புகளோட பட்டியல் கொஞ்சநஞ்சம் இல்லை. எலி வீசல், நாஜி முகாம்ல இருந்து உயிரோட மீண்ட நோபல் பரிசுக்காரர், அவரோட அறக்கட்டளைக்கு 1.5 கோடி டாலர் அவுட். அமெரிக்கன் ஜூயிஷ் காங்கிரஸ் 1918-ல இருந்து இருந்த அமைப்பு. முதலீட்டுல பெரும்பகுதி போய், 2010-ல வேலையையே நிறுத்தி வச்சுட்டாங்க.

ஏன் மாட்டினாங்க? ஒத்துமையாலதான் சாமி! மேடாஃப் வெளியாள் இல்லை. யெஷிவா பல்கலைக்கழகத்தோட அறங்காவலர் குழுவுக்கு அவரே பொருளாளர். முதலீட்டுக் குழுவுக்குத் தலைவர் எஸ்ரா மெர்கின். அந்த மெர்கின் நடத்தின நிதி வழியாத்தான் பல்கலைக்கழகப் பணம் மேடாஃப்கிட்ட போச்சு. காவக்காரனும் அவங்களே, சாவியும் அவங்ககிட்டயே. "அவரு நம்ம சபையில பெரிய மனுஷன், அவரைப் போய் கேள்வி கேக்கறதா?" இந்த ஒரு வாக்கியம்தான்யா அத்தனை பேரையும் கவுத்துச்சு.

கொடுமை என்னன்னா, இப்படி நடக்கக் கூடாதுன்னு அவங்க நூல்லயே எழுதி வச்சிருக்கு. தர்மப் பணத்தை வசூலிக்க ரெண்டு பேருக்குக் குறையக் கூடாது, பிரிச்சுக் குடுக்க மூணு பேருக்குக் குறையக் கூடாதுங்கறது தல்மூத் விதி. ஆயிரத்து ஐநூறு வருஷத்துக்கு முந்தின சமாச்சாரம். வசூல்ங்கறது ஊர் மேல அதிகாரம் செலுத்தற வேலை, அதுக்கு ரெண்டு பேர். யாருக்கு எவ்வளவுங்கறது தீர்ப்பு சொல்ற மாதிரி, அதுக்கு மூணு பேர். ஆள் நல்லவனா கெட்டவனாங்கற பேச்சே அங்க இல்லை.

விவரம் தெரிஞ்சவங்க மடக்குவீங்க. "அதே தல்மூத்ல தர்மப் பொருளாளரை நம்பணும், கணக்கு கேட்டு நச்சரிக்கக் கூடாதுன்னும் இருக்கே?" இருக்கு. இல்லைங்கல. ஆனா 16-ஆம் நூற்றாண்டுல போலந்தோட கிராக்கோவ் நகரத்துல இருந்த மோசே இஸர்லெஸ்ங்கற சட்ட அறிஞர் அதுக்கு ஒரு திருகு வச்சார். யாரும் கேக்கலைன்னாலும் பொருளாளர் தானே கணக்கு குடுத்துடறது நல்லது, கடவுள் முன்னாடியும் ஊர் முன்னாடியும் கை சுத்தமா இருக்கும்னார். நம்பறது ஊரோட பெருந்தன்மை, காட்டறது தலைவரோட கடமை. நம்ம ஃபார்வர்டு பார்ட்டிகள் முதல் பாதியை மட்டும் புடிச்சுக்கிட்டு கை தட்டறாங்க.

கணக்குன்னா திருட்டைப் புடிக்கறது மட்டும் இல்லை. ஹடாஸாவை எடுத்துக்குங்க. ஜெருசலேம்ல மருத்துவமனை நடத்தற யூதப் பெண்கள் அமைப்பு. மேடாஃப்கிட்ட போட்டது 4 கோடி டாலர். வருஷக்கணக்கா எடுத்தது 13 கோடி. மாட்டும்போது பேப்பர்ல 9 கோடி இருக்கறதாக் கணக்கு. அந்த 9 கோடி வெறும் காத்து. போட்டதை விட அதிகமா எடுத்துட்டீங்கன்னு திவால் நிர்வாகி வந்து நிக்க, 4.5 கோடியைத் திருப்பித் தர 2010-ல ஒத்துக்கிட்டாங்க. அவங்க திருடலை, தெரியாமத்தான் வாங்கினாங்க. வாங்கினது வேற எவனோ ஏமாந்தவன் காசு. பேப்பர் லாபத்தை நம்பித் திட்டம் போடற ஒவ்வொரு தலைவரும் இதைச் சுவத்துல எழுதி மாட்டிக்கணும்.

திருட்டே இல்லாமலும் மூழ்கலாம். எஃப்.இ.ஜி.எஸ்.னு நியூயார்க்ல ஒரு அமைப்பு. 1934-ல, பெருமந்தத்துக்கு நடுவுல, வேலை கிடைக்காத யூதர்களுக்கு வேலை தேடிக் குடுக்கறதுக்காகப் பொறந்தது. பின்னாடி எல்லா மதத்துக்காரங்களுக்கும் உதவினாங்க. வருஷத்துக்கு லட்சம் பேருக்கு மேல. 2014 கடைசியில திடீர்னு 1.94 கோடி டாலர் நஷ்டம்னு சேதி. 2015 மார்ச்ல திவால் மனு. அரசாங்க ஒப்பந்தங்கள்ல வர்ற காசு உண்மையான செலவுக்கே பத்தாது. மேல மேல விரிவாக்கம், லாபம் வரும்னு ஆரம்பிச்ச தொழில்களும் ஊத்திக்கிச்சு. பெருமந்தத்துல பொறந்து தாக்குப்புடிச்ச அமைப்பு, 80 வருஷம் கழிச்சு 'முடியாது'ன்னு ஒரு வார்த்தை சொல்லத் தெரியாம செத்துப்போச்சு. நல்ல காரியம்தானேன்னு நஷ்டத்துக்குக் கையெழுத்துப் போடறது நல்ல காரியம் இல்லைங்க. நாளைக்கு வந்து நிக்கப்போற ஏழையோட சோத்தை இன்னிக்கே அடகு வைக்கறது.

சரி, ஒழுங்கா செஞ்சவங்களே இல்லையான்னா, இருக்காங்க.

மாசசூசெட்ஸ்ல ராபர்ட் லாப்பின்னு ஒரு தொழிலதிபர். யூதப் பிள்ளைகளுக்கான அவரோட அறக்கட்டளை மேடாஃப் கைதான மறுநாளே மூடிடுச்சு. ஊழியர்களோட ஓய்வூதியச் சேமிப்பும் அதே குழியில. சட்டத்தைக் காட்டிக் கை கழுவியிருக்கலாம். மனுஷன் 2009-ல சொந்தக் காசு 50 லட்சம் டாலர் போட்டு ஊழியர்கள் சேமிப்பைத் திருப்பிக் குடுத்தார். அறக்கட்டளையும் சின்னதா மறுபடி எழுந்தது. யாருக்கு முதல்ல கடன்பட்டிருக்கோம்னு தெரிஞ்ச ஆள். தலைமைன்னா இது!

2020-ல கொரோனா வந்தப்போ பள்ளிக்கூடம், கோடை முகாம், சமூக மையம்னு வரிசையா இழுத்து மூடற நிலைமை. பெரிய யூத அறக்கட்டளைகள் சில சேர்ந்து 8 கோடி டாலருக்கு மேல ஒரு நிதி போட்டாங்க. அதுல ஒரு பகுதி வட்டியில்லாக் கடன். இதுவும் பழைய சரக்குதான். 12-ஆம் நூற்றாண்டு மைமோனிடிஸ் தர்மத்துக்கு எட்டுப் படி சொன்னார். அதுல உச்சிப்படி சோறு போடறது இல்லை. கடனோ, கூட்டோ, வேலையோ குடுத்து, ஒருத்தன் மறுபடி கை நீட்டாம நிக்க வைக்கறது. நியூயார்க்ல 1892-ல ஆரம்பிச்ச ஹீப்ரூ ஃப்ரீ லோன் சொசைட்டி இன்னிக்கும் வட்டியில்லாக் கடன் குடுத்துட்டுத்தான் இருக்கு. ஜாமீன் வாங்கிக்கிட்டுத்தான் குடுப்பாங்க, கண்ணை மூடிக்கிட்டு இல்லை.

அடுத்த கேள்வி எனக்குத் தெரியும். "பெரிய மனுஷங்களைக் கணக்கு கேட்டா அடுத்த வருஷம் நன்கொடை வராதே?" வராமப் போகட்டும்ங்க. கேள்வி கேட்டதும் ஓடற பணம் எப்படியும் ஒருநாள் ஓடத்தான் போகுது. அதை நம்பி நாலு பேருக்கு வேலையும் நானூறு பேருக்கு சோறும் வாக்குக் குடுத்த அப்புறம் ஓடினாத்தான் ஆபத்து.

இவ்வளவு கோவம் ஏன்னு கேக்கறீங்களா? ரெண்டு வருஷம் நான் ஒரு சின்ன சங்கத்துல பொருளாளரா இருந்தேன். பேர் வேண்டாம். செக்ல ஒத்தைக் கையெழுத்து, என்னோடது. ஒரு பொதுக்குழுவுலயும் ஒருத்தரும் கணக்கு கேக்கலை. "உங்க மேல எங்களுக்கு அவ்ளோ நம்பிக்கை சார்"னாங்க. அப்போ பெருமையா நெஞ்சு நிமிர்த்திக்கிட்டேன். மேடாஃப் கதையைப் படிச்ச ராத்திரி தூக்கம் வரலை. நான் திருடலை. ஆனா திருடியிருந்தா யாருக்கும் தெரிஞ்சிருக்காது. அது அவங்க நம்பிக்கை இல்லை மக்களே, சோம்பேறித்தனம். கேக்காமலே எடுத்து நீட்டாம இருந்தது என் சோம்பேறித்தனம்.

அதனால அடுத்த தடவை அந்த ஃபார்வர்டு வந்தா ஒத்துமையை மட்டும் எடுத்துக்காதீங்க. ரெண்டு பேர் வசூல், மூணு பேர் பங்கீடு. அதையும் சேர்த்து எடுத்துக்குங்க.

டிஸ்கி: யூதர்னாலே பணக்காரங்கன்னு பின்னூட்டம் போட வர்றவங்க, வேலை தேடிக் குடுக்கவும் கடன் குடுக்கவும் அவங்களுக்கு எதுக்கு இத்தனை அமைப்புன்னு ஒரு நிமிஷம் யோசிச்சுட்டு வாங்க. அந்த மாதிரி வெறுப்புப் பின்னூட்டம் வந்தா பாரபட்சம் இல்லாம அழிக்கப்படும். திட்டறதுன்னா என்னைத் திட்டுங்க, வாங்கிக்கறேன் :-)