உறுமலுக்குப் பயந்து எர்த்தை வெட்டலாமா?

சென்ற நவராத்திரியின்போது சாலைக் கடைவீதிப் பக்கம் நண்பர் ஒருவர் வீட்டுக்குப் போயிருந்தேன். மகன் துபாயிலிருந்து கொண்டுவந்த ஆம்பிளிஃபயரில் பழைய கச்சேரி ஒன்று பாடிக்கொண்டிருந்தது. "முன்னே ஒரே உறுமலா இருந்தது அண்ணாச்சி. எலெக்ட்ரீஷியன் வந்து பிளக்கில் எர்த் கம்பியை வெட்டிவிட்டான். சத்தம் போயே போச்சு" என்றார் பெருமையாக. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்த இரும்புப் பெட்டிமேல் கையை ஊன்றிக்கொண்டு அவருடைய நான்கு வயதுப் பேத்தி நின்றிருந்தாள்.

எலெக்ட்ரீஷியன் பொய் சொல்லவில்லை. ஆம்பிளிஃபயருக்கு வீட்டு எர்த். டி.வி. பெட்டிக்கு வரும் கேபிள் வயருக்குத் தெருவில் வேறோர் எர்த். இரண்டும் ஒரே மட்டத்தில் இருப்பதில்லை. டி.வி.யையும் ஆம்பிளிஃபயரையும் ஆடியோ வயரால் இணைத்ததும் ஒரு வளையம் உண்டாகி, அதில் 50 சைக்கிள் மின்சாரம் சுற்றுகிறது. அதுதான் உறுமல். ஒரு பக்கம் வெட்டினால் வளையம் அறுந்துபோகும். ஆனால் நாளை உள்ளே இன்சுலேஷன் கெட்டால் 230 வோல்ட் அந்தப் பெட்டியில் ஏறி நிற்கும், பியூஸ் போகாது. ஈ.எல்.சி.பி. இருக்கிறதே என்பார்கள். எர்த் கம்பி இருந்தால் கசிவு அதன் வழியே போய் அது உடனே விழும். இல்லையென்றால் யாராவது தொட்ட பிறகுதான் விழ வேண்டும்.

ரயில்வேயில் 1957இல் 25,000 வோல்ட் ஏ.சி. முறையை ஏற்றுக்கொண்டபோது, பாதையோரத் தொலைபேசிக் கம்பிகளில் இதே 50 சைக்கிள் தொல்லை வரும் என்று தெரியும். அதற்காக எர்த்தை யாரும் வெட்டவில்லை. தொலைபேசிக் கம்பியை உறையிட்ட கேபிளாக்கி மண்ணுக்குள் புதைத்தோம். பூஸ்டர் டிரான்ஸ்ஃபார்மர் வைத்தோம். பக்கத்துக் கம்பி வேலிக்குக்கூட எர்த் போட்டோம்.

வீட்டில் செய்ய வேண்டியது சுலபம். கேபிள் வயரை மட்டும் கழற்றிப் பாருங்கள். உறுமல் நின்றால் குற்றவாளி அதுதான். ஆடியோ வயரின் நடுவில் ஒரு சிறு ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் போட்டால் தீர்ந்தது. எல்லாப் பிளக்குகளையும் ஒரே போர்டில் செருகினாலே பல வீடுகளில் அடங்கிவிடும். எதைக் கழற்றியும் நிற்காமல் 100 சைக்கிளில் முனகினால் உள்ளே ஃபில்டர் கன்டென்சர் கிழடாகிவிட்டது என்று பொருள். (ஒரு கட்டை சுருதிக்கு மந்தர பஞ்சமம் சுமார் 98. சேர்ந்தும் சேராத தம்பூரா மாதிரி அது பக்கத்திலேயே நின்று உயிரை வாங்கும்!) அதைத் தெரிந்தவரிடம் கொடுத்து மாற்றுங்கள், ஸ்விட்சை அணைத்த பிறகும் அதில் மின்சாரம் தங்கியிருக்கும்.

எலெக்ட்ரீஷியனை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. "எப்படியாவது சத்தத்தை நிறுத்தப்பா" என்று அவசரப்படுத்துவது நாம்தானே? சங்க அன்பர்கள் இன்றே தங்கள் வீட்டுப் பிளக்குகளைக் கழற்றி, மூன்றாவது கம்பி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

நண்பர் வீட்டில் காபி வந்தது. எர்த் கம்பியைத் திரும்பப் பூட்டிய பிறகுதான் டம்ளரைக் கையில் எடுத்தேன். உறுமல் மறுபடி வந்துவிட்டது. டிரான்ஸ்ஃபார்மர் வாங்கும் வரை நான்கு நாள் அதோடுதான் கச்சேரி கேட்டார்.