பாதிச் சொல்லுக்கு முழுப் புள்ளி கிடைக்காது

ஆங்கிலச் சோதனையில் வரும் ஒரு கேள்வியைப் பற்றி இன்று எழுதப் போகிறேன். றெஸ்ரோரண்ட் குசினியில் வெங்காயம் வெட்டுகிறவனுக்கு ஏன் இந்த வேலை என்று நீங்கள் நினைக்கலாம். நினையுங்கள். ஆனால் முழுவதையும் வாசித்துவிட்டு நினையுங்கள்.

கேள்வி இதுதான். ஒரு எழுத்தாளரின் பந்தி ஒன்றைத் தந்து, "இவர் மொழியை எப்படிக் கையாண்டிருக்கிறார், அதனால் என்ன விளைவு உண்டாகிறது?" என்று கேட்பார்கள். நோர்வேயில் வீதெரெகோண்டெ (எங்கள் உயர்தர வகுப்பு மாதிரி) ஆங்கிலச் சோதனைகளில் இப்படியான கேள்விகள் வருவதுண்டு. லண்டனில் இருக்கும் சொந்தங்களுக்கு இது இன்னும் நல்லாகத் தெரியும். அங்கே ஏ.கியூ.ஏ நடத்தும் ஜி.சி.எஸ்.ஈ ஆங்கில மொழி முதலாம் வினாத்தாளின் 2ஆம் கேள்வியே இதுதான். அதற்கு 8 புள்ளிகள்.

எங்கள் பிள்ளைகள் இதற்கு எப்படித் தயாராகிறார்கள் தெரியுமா? ஒரு பட்டியல். மெற்றபர், சிமிலி, அலிற்றரேசன், பேர்சொனிபிகேசன்... நுளம்பு பிடிக்கிற மாதிரி பந்திக்குள் இவற்றைத் தேடிப் பிடிக்கிறார்கள். பிடித்ததும் பெயரை எழுதுகிறார்கள். பிறகு பாடமாக்கிய ஒரு வசனம்: "இது வாசகரை மேலும் வாசிக்கத் தூண்டுகிறது." முடிந்தது.

இதற்குப் புள்ளி கிடைக்காதா? கிடைக்கும். அந்த 8 புள்ளிகளில் அடிப்படித் தட்டான 1, 2 கிடைக்கும். 7, 8 எடுக்க வேண்டுமென்றால் அந்தச் சொல் என்ன வேலை செய்கிறது என்று நுணுக்கமாகச் சொல்லவேண்டும்.

இந்தப் பட்டியலுக்கு நோர்வேஜிய மொழியில் ஒரு பெயர் உண்டு: விர்க்கெமிட்லெர். பள்ளிக்கூடப் பிள்ளை உள்ள எல்லா வீட்டிலும் இந்தச் சொல் கேட்டிருக்கும். அதைப் பிரித்துப் பாருங்கள். விர்க்கெ என்றால் வேலை செய்தல், விளைவை உண்டாக்குதல். மிட்லெர் என்றால் வழிவகைகள், கருவிகள். கருவியின் பெயரை மட்டும் எழுதிவிட்டு விளைவை விட்டுவிட்டால் அது பாதிச் சொல். பதில் கேள்விக்குள்ளேயே இருக்கிறது, நாங்கள்தான் பார்ப்பதில்லை.

இந்த வருத்தம் வெளிநாட்டில் வந்தது என்று நினைக்காதீர்கள். ஊரில் தமிழ்ப் பாடத்தில் கவிதைக்கு நயம் எழுதியவர்களுக்கு ஞாபகம் இருக்கும். "எதுகை, மோனை சிறப்புற அமைந்துள்ளன. உவமைகள் கவிதைக்கு அழகு சேர்க்கின்றன." எந்தக் கவிதைக்கும் பொருந்தும் வசனங்கள்! கலியாண வீட்டுப் பாட்டுக்கும் பொருந்தும், ஒப்பாரிக்கும் பொருந்தும். எதற்கும் பொருந்தும் வசனம் ஒன்றையும் விளக்குவதில்லை.

லோறென்ஸ்கூக்கில் எங்கள் கட்டடத்தில் இருக்கும் ஒரு தாய், "அண்ணை, நீங்கள் கம்பசில படிச்சனீங்கள் தானே, பிள்ளைக்கு ஒருக்கா சொல்லிக் குடுங்கோ" என்று கேட்டார். நான் பல்கலைக்கழகத்தில் இரண்டு வருடம் மட்டும் இருந்துவிட்டு நாட்டைவிட்டு வந்தவன். அதுவும் அவருக்குத் தெரியும். சரி என்று போனேன். பிள்ளைக்கு நானே ஒரு வசனம் எழுதிக் கொடுத்தேன். தமிழில் அதன் பொருள் இப்படி வரும்: "கிழவரின் வீட்டுக் கதவு இருமிக்கொண்டு திறந்தது."

"பேர்சொனிபிகேசன், மாமா" என்றாள் உடனே.

"சரி, பிறகு?"

"வாசகரை மேலும் வாசிக்கத் தூண்டுது."

"இருமிக்கொண்டு எண்டதுக்குப் பதிலா சிரிச்சுக்கொண்டு திறந்தது எண்டு போட்டால்? அதுவும் பேர்சொனிபிகேசன் தானே?"

கொஞ்ச நேரம் யோசித்தாள். "சிரிச்சால் அது சந்தோசமான வீடு மாமா. இருமினால் வருத்தக்காரர் இருக்கிற வீடு மாதிரி. கதவுக்கும் வயசு போட்டுது. கனநாள் ஒருத்தரும் அந்தக் கதவைத் திறந்து வரேல்லைப் போல."

"இதை அப்படியே எழுது" என்றேன். அவ்வளவுதான் என் ரியூசன்.

வேறு சொல்லைப் போட்டுப் பார்ப்பது. இதுதான் முழுச் சூத்திரமும். எழுத்தாளர் இந்தச் சொல்லை எடுத்தார் என்றால் வேறு பத்துச் சொற்களை விட்டார் என்று அர்த்தம். விட்டதில் ஒன்றை அந்த இடத்தில் வைத்துப் பார்த்தால், எடுத்தது என்ன செய்கிறது என்பது தானாகத் தெரியும்.

இதில் எங்கள் பிள்ளைகள் பின்தங்க வேண்டிய அவசியமே இல்லை என்பது என் கருத்து. நீ, நீர், நீங்கள் என்று மூன்று படி உள்ள வீட்டுக்குள் வளர்கிறார்கள். அப்பா "வாரும்" என்று ஒருவரைக் கூப்பிட்டால் அதற்கும் "வாங்கோ"வுக்கும் என்ன தூரம் என்று ஐந்து வயதுப் பிள்ளைக்கும் தெரியும். ஆங்கிலத்தில் அந்த இடத்தில் இருப்பது ஒரே ஒரு சொல். செத்தான், இறந்தார், காலமானார், போய்ச் சேர்ந்தார் - நான்கும் ஒரே செய்திதான். ஆனால் எதை எவருக்குச் சொல்வது என்று அம்மம்மா ஒருபோதும் பிழை விடமாட்டா. அம்மம்மா மெற்றபர் என்ற சொல்லைக் கேள்விப்பட்டதே இல்லை.

நான் வேலை செய்யும் தொழிலும் இதையே சொல்லித் தருகிறது. நோர்வேயின் மெனுக்களில் "யெம்மெலாகெட்" என்று ஒரு சொல் அடிக்கடி வரும். வீட்டில் செய்தது என்று பொருள். குசினிக்குள் யாருடைய வீடும் இல்லை, நாங்கள் நாலு பேரும் அடுப்பும்தான் இருக்கிறோம். ஆனால் "இங்கே செய்தது" என்று போட்டால் வயிறு மட்டும் கேட்கும். "வீட்டில்" என்று போட்டால் தாயின் ஞாபகம் வந்து உட்காரும். விலையும் கொஞ்சம் ஏறும்!

இது புள்ளியோடு நிற்கும் விசயம் என்றால் நான் இவ்வளவு எழுதமாட்டேன்.

2006 ஜூலையில் இருந்து 2009 மே வரை வன்னியிலும் கிழக்கிலும் நடந்தது பற்றி இலங்கைப் பாதுகாப்பு அமைச்சு 2011இல் ஆங்கிலத்தில் ஓர் அறிக்கை வெளியிட்டது. அதன் தலைப்பில் போர் என்ற சொல் இல்லை. "மனிதாபிமான நடவடிக்கை" என்று இருந்தது. போர் முடிந்து சனத்தை முள்ளுக்கம்பிக்குள் அடைத்து வைத்த வவுனியா மெனிக் பாம் முகாம்களுக்கு "நலன்புரிக் கிராமம்" என்று பெயர். இதற்கு எந்தப் பட்டியலிலும் உள்ள பெயரைத் தேடத் தேவையில்லை. அந்த இடத்தில் வேறு சொல்லைப் போட்டுப் பாருங்கள், போதும்.

எங்கள் பக்கம் மட்டும் சுத்தமா? "துரோகி" என்ற ஒரு சொல்லைப் போட்டுவிட்டு, அதற்குப் பிறகு கேள்வியே கேட்காமல் எத்தனை பேரைச் சுட்டோம்? "மாற்றுக் கருத்துள்ளவர்" என்று அந்த இடத்தில் போட்டிருந்தால் அவ்வளவு இலகுவாகக் கை நீண்டிருக்குமா?

கொடுமையான அரசியலை மெத்தென்ற சொற்களால் போர்த்து மூடுகிறார்கள் என்று ஜோர்ஜ் ஓர்வெல் 1946இலேயே ஒரு கட்டுரையில் எழுதிவிட்டார். அந்தப் போர்வையை இழுத்துப் பார்க்கும் பயிற்சிதான் இந்தக் கேள்வி. அகதிகளின் பிள்ளைகளுக்கு இதைவிடத் தேவையான பாடம் வேறு இல்லை. நாளைக்கு இந்த நாட்டுப் பத்திரிகையில் வெளிநாட்டவர் "வந்தார்கள்" என்று இருக்கிறதா, "வெள்ளமாக வந்தார்கள்" என்று இருக்கிறதா என்பதை அவர்கள் பிரித்து அறியவேண்டும். மனிதரை வெள்ளம் என்று எழுதினால் அடுத்த வரியில் அணை கட்டச் சொல்வார்கள்.

ஆகவே பெற்றோரே, உங்களுக்கு ஆங்கிலம் போதாது என்று ஒதுங்காதீர்கள். பட்டியல் பாடமாக்க ரியூசனுக்குக் காசு கட்டுவதற்கு முதல், இரவுச் சாப்பாட்டின்போது பந்தியைத் தமிழில் சொல்லச் சொல்லுங்கள். ஒரு சொல்லைக் காட்டி, "இதை எடுத்துவிட்டு வேறென்ன போடலாம்? போட்டால் என்ன மாறும்?" என்று கேளுங்கள். பிள்ளை தமிழும் நோர்வேஜியமும் ஆங்கிலமும் கலந்து பதில் சொல்லட்டும். சோதனைத் தாளில் எழுதும்போது அது ஆங்கிலமாக வந்துவிடும். யோசனை வந்தால் மொழி பின்னால் வரும்.