பாலமும் பொறியும்

மட்டக்களப்பு நகரிலிருந்து வலையிறவுப் பாலத்தைக் கடந்து வவுணதீவில் அடியெடுத்து வைப்பவர் ஒரு வாவியை மட்டுமன்று, ஒரு வாழ்க்கை முறையையும் கடந்தவராவர். கதிரவன் எழும் கரை எழுவான்கரை. அவன் படும் கரை படுவான்கரை. கடைத்தெருவும் பெரிய வைத்தியசாலையும் அக்கரைக்கு. வயலும் குளமும் மாடும் இக்கரைக்கு. இக்கரை விளைத்தது, அக்கரை நுகர்ந்தது. 2007 ஆம் ஆண்டு வரை போரின் எல்லைக்கோடும் இவ்விரண்டிற்கும் நடுவிலேயே கிடந்தது. இன்றோ படுவான்கரையிலும் மின்விளக்கு எரிகின்றது, கைத்தொலைபேசி ஒலிக்கின்றது, வட்டைகளில் அறுவடை இயந்திரம் உறுமுகின்றது. இவற்றால் எளிய மக்களின் வாழ்வு உயர்ந்ததா என்பதே நம் வினா.

இவ்வினாவிற்கு விரைந்து விடை கூறுவோர் இரு சாரார். ஒரு சாரார் எல்லாம் முன்னேற்றம் என்பர். மறு சாரார் பழைய வாழ்வே பொன் வாழ்வு எனப் பெருமூச்செறிவர். பின்னவர்க்கு முதலில் ஒரு சொல்.

பழைய சூடுமிதிப்புக் களத்தின் அழகை நாம் அறிவோம். நிலவொளியிற் கடாக்கள் சுற்றிவர, உழவர் பாட்டிசைக்க, பொலி குவியும் காட்சி கண்ணுக்கு இனியதே. வித்துவான் வி. சீ. கந்தையா அவர்கள் 1964 இல் வெளியிட்ட ‘மட்டக்களப்புத் தமிழகம்’ போன்ற நூல்கள் இந்நாட்டின் மரபுகளை மறதியினின்று காத்தன. எனினும் அக்களத்திற் பாடியவன் பெரும்பாலும் நிலமற்றவன். பொலியின் பெரும் பங்கு போடியாரின் வீடு சென்றது. குனிந்து அரிவாள் பிடித்த முதுகின் வலியை எந்தப் பாட்டும் ஆற்றியதில்லை. தாம் சுமக்காத சுமையை அழகென்று புகழ்வது கற்றோர்க்குத் தகுமா?

பாலத்தை எண்ணிப் பாருங்கள். கொக்கட்டிச்சோலைப் பகுதியார் மண்முனைத் துறையிற் பாதையேறி வாவியைக் கடந்த காலம் ஒன்றிருந்தது. பேறுகால வேதனையுற்றவளும் பாம்பு தீண்டியவனும் நள்ளிரவில் துறையை அடைந்தால், பாதை இக்கரைக்கு வரும்வரை உயிரைக் கையிற் பிடித்துக் காத்திருக்க வேண்டும். யப்பான் நாட்டின் உதவியுடன் அமைந்த மண்முனைப் பாலம் 2014 இல் திறக்கப்பட்டது. அப்பாலம் செல்வரையும் வறியவரையும் ஒரே விதமாகத் தாங்குகின்றது. எவருடைய கூலியையும் அது மாதந்தோறும் கேட்பதில்லை. மத்திய கிழக்கில் வீட்டுவேலை செய்யும் தாயின் முகத்தைக் கைத்தொலைபேசியிற் கண்டு உறங்கும் குழந்தையிடம், விஞ்ஞானம் வீண் என்று கூற யாருக்கு நா எழும்?

ஆயின் அறுவடை இயந்திரத்தின் கதை வேறு. ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் ஓர் ஏக்கர் நெல்லை வெட்டி, அடித்து, தூற்றி அது கொட்டிவிடுகின்றது. பலர் பல நாள் பட்ட பாடு ஒழிந்தது, உண்மை. ஒழிந்த பாட்டோடு கூலியும் ஒழிந்ததே! வெட்டுக்குச் சென்று நெல்லாகக் கூலி பெற்று, அதை ஆண்டின் ஒரு பகுதிக்கு அரிசியாக்கிய குடும்பங்கள் எங்கே போயின? கதிர் பொறுக்கிய விதவைக்கு இயந்திரம் எதை விட்டுச் செல்கின்றது? நிலமுடைய சிறு விவசாயியாவது தப்பினானா? ஈரம் உலராத நெல் ஒரே நாளில் மலையாய்க் குவிகின்றது. உலர்த்தக் களமில்லை, வைக்க இடமில்லை. இயந்திரக் கூலியோ அன்றே கொடுக்கப்பட வேண்டும். வயல் வரம்பிற் காத்து நிற்கும் வியாபாரி சொன்னதே விலையாகின்றது. மிச்சப்பட்ட நேரம் உழவனுடையது. அதன் பயன் மற்றொருவருடையது!

இதன் முழுப்பொருளையும் 2021, 2022 ஆம் ஆண்டுகள் நமக்குக் கற்பித்தன. 2021 இல் இரசாயன உர இறக்குமதியை அரசு திடீரென நிறுத்தியது. சில மாதங்களுக்குள் அத்தடையைத் தானே நீக்கியது. அதற்குள் பயிர் வாடிவிட்டது. மறு ஆண்டு எரிபொருட் பஞ்சம். உழவர் கலன்களை ஏந்தி டீசலுக்கு வரிசையில் நின்றனர். கதிர் முற்றினாலும் இயந்திரம் அசையவில்லை. அரிவாளை எடுப்போம் என்றால், அதைப் பிடிக்கும் கைகள் எத்தனை எஞ்சியிருந்தன? வசதி நம்மிடம் இருப்பதாக எண்ணினோம்; அதன் கடிவாளம் கொழும்பிலும் கடல் கடந்தும் இருந்தது.

காந்தியடிகள் இயந்திரங்களின் பகைவர் என்று சொல்வதுண்டு. அவர் தையல் இயந்திரத்தை விலக்காக ஏற்றுப் பாராட்டியதைப் பலர் மறந்துவிடுகின்றனர். அது மனிதனின் கைக்குத் துணை நின்றது, கையைத் தேவையற்றதாக்கவில்லை. அதை உடையவளே அதன் தலைவி. இந்த அளவுகோல் இன்றும் பழுதுபடவில்லை.

ஆதலால் எந்தப் புதுமையையும் மூன்று கேள்விகளால் நிறுத்துப் பார்த்தல் வேண்டும். அது யாருடைய உடைமை? அது மிச்சப்படுத்தும் பொழுதும் பொருளும் யாரைச் சேருகின்றன? அது நின்றுவிட்டால் நாம் நிற்போமா, வீழ்வோமா? பாலம் இத்தேர்வில் வென்றது. அறுவடை இயந்திரம் தோற்றது. தோல்வி இரும்பின் குற்றமன்று, உடைமை முறையின் குற்றம்.

அரிவாட் காலம் மீளாது. மீள வேண்டுமென நாம் விரும்பவும் இல்லை. இயந்திரம் கமக்காரர் அமைப்புகளின் கூட்டுடைமையாகட்டும். ஊர்தோறும் நெல் உலர்த்தும் களமும் களஞ்சியமும் எழட்டும். வெட்டுக் கூலி இழந்த குடும்பங்களுக்கு அக்களத்திலும் அரிசியாக்கும் தொழிலிலும் முதலிடம் கிடைக்கட்டும். அன்று அப்பொறியும் ஒரு பாலமாகும். அதுவரை, அது வயலைக் கடக்கும் வேகத்தைக் கண்டு முன்னேற்றம் என நாம் கைகொட்டுவது, விளைத்தவன் வரம்பில் வெறுங்கையோடு நிற்பதைக் காணாத குருட்டுத்தனமேயாகும்.